ஷாங்காயில் ஒரு சைவச் சிற்றுண்டி

நூடில்ஸ் கடைக்குச் சென்று, நூடில்ஸ் உண்ணாமலே வயிறு நிறைந்து திரும்புதல் கூடுமோ என்று வினவுவோர்க்கு, ஷாங்காய் மாநகரின் பழைய வீதிகளிலே அது கூடும் என்பதே என் விடை. அங்குள்ள நூடில்ஸ் கடைகளிற் பணம் செலுத்தும் மேசைக்கு அருகே கண்ணாடிப் பேழையொன்று இருக்கும். அதனுள்ளே துணைக்கறிகளைச் சிறு சிறு தட்டுக்களில் ஆறவைத்து அடுக்கியிருப்பார்கள். அவற்றுள் ஒன்று கபில நிறமாய், கடற்பஞ்சைப் போன்ற துவாரங்களுடன், கரிய காளானும் கச்சான் பருப்பும் விரவி, நெய் பூசியது போன்று மினுமினுத்துக் கிடக்கும். இறைச்சித் துண்டுகளோ என்று ஐயுற்று நம்மவர் விலகிச் செல்லக்கூடும். ஆயினும் அது முற்றிலும் கோதுமையிலிருந்து பிறந்த பண்டம். அதன் பெயர் கௌஃபூ.

நம் நாட்டுத் தேநீர்க் கடைகளில் விற்கும் ‘சைனீஸ் ரோல்ஸ்’ என்ற பண்டத்தைக் கொண்டு சீனரின் சிற்றுண்டியை மதிப்பிடுவோர் பலர் உளர். ஷாங்காயில் நான் தங்கிய பத்து நாட்களிலும் அத்தகைய ரோல்ஸ் ஒன்றையேனும் கண்டேனல்லேன். சீனர் பெயரால் நாம் உண்பது ஒன்று, சீனர் தம் ஊரில் உண்பது வேறொன்று.

ஷாங்காயின் பழைய நூடில்ஸ் கடைகளுட் பல, அயலிலுள்ள சூச்சோ நகரின் முறையைத் தழுவியவை. சூச்சோ, ஷாங்காயிலிருந்து மேற்கே விரைவுப் புகையிரதத்தில் அரைமணி நேரப் பயணத் தூரத்தில் உள்ளது. கால்வாய்களுக்கும் பட்டுக்கும் பூந்தோட்டங்களுக்கும் பெயர்போன ஊர். அவ்வூரார் நூடில்ஸ் உண்பதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்டார்கள். மெல்லிய வெண்ணிற இழைகளை வேகவைத்து, வாரி முடித்த கூந்தலைப் போல மடித்துக் கிண்ணத்தில் இடுவர். சாறு இருவகை: செஞ்சாறு, வெண்சாறு. இழை இறுக்கமாக வேண்டுமா, குழைவாக வேண்டுமா. சாறு நிறைய வேண்டுமா, குறைவாக வேண்டுமா. மேலே தூவும் உள்ளித்தாள் வேண்டுமா, வேண்டாமா என்றெல்லாம் வாடிக்கையாளர் கடைக்குரிய குழூஉக்குறிகளாற் சொல்ல, பரிமாறுபவர் அவற்றை அப்படியே அடுப்படிக்குக் கூவி அறிவிப்பார். நூடில்ஸுக்குரிய கறியைக் கிண்ணத்துள் இடாது தனித் தட்டில் தரும்படி கேட்பதும் உண்டு. அதனைப் ‘பாலங் கடத்தல்’ என்பர். தட்டிலிருந்து கிண்ணத்துக்குக் கறி குச்சிகளின் மேலாகக் கடந்து வருகிறதல்லவா!

இன்னொரு நுட்பமும் உண்டு. விடியற்காலையில் அண்டாவிலே புதிதாகக் கொதிக்கும் நீரில் முதன்முதல் வெந்து வரும் நூடில்ஸே சிறந்தது என்பது சூச்சோவாரின் துணிபு. நேரம் செல்லச் செல்ல மாக் கரைந்து நீர் கூழாகிவிடும். அந்நீரில் வெந்த இழையில் மாவின் மணம் ஏறிவிடும். லூ வென்ஃபூ என்ற எழுத்தாளர் 1983இல் வெளியிட்ட குறுநாவலொன்றில், சுவைப்பித்துக் கொண்ட ஒரு செல்வர் இந்த ‘முதல் நீர்’ நூடில்ஸுக்காகவே நாள்தோறும் அதிகாலையில் எழுந்து ரிக்‌ஷாவில் விரைந்து செல்கிறார். அவர் செல்லும் சூ ஹொங்சிங் என்னும் கடை கற்பனையன்று. 1938இல் தொடங்கப்பட்ட அக்கடையின் பெயர் சூச்சோவில் இன்றும் வழங்குகிறது.

இத்தனை சிறப்புடைய நூடில்ஸை நான் உண்ணாமைக்குக் காரணம் அந்தச் சாறேயாகும். பன்றியெலும்பு, கோழி, விலாங்கு போன்ற மீனின் முள் ஆகியவற்றை நெடுநேரம் காய்ச்சி வடித்தே அதனை ஆக்குகிறார்கள். மேலிடும் கறியை விலக்கிவிட்டு வெறும் நூடில்ஸை உண்ணலாமே என்று சொல்வதற்கும் இடமில்லை. சாறு இன்றிப் பிரட்டித் தரும் வெங்காயத்தாள் எண்ணெய் நூடில்ஸிலும் காய்ந்த இறால் சேர்வதுண்டு. சில கடைகளிற் பன்றிக் கொழுப்பும் சேரும். பிறந்தது முதல் மரக்கறி உணவே உண்டு வந்த ஒருவன் இவ்விடத்தில் யாது செய்வான்?

என் நிலைமை எனக்கு மட்டுமன்றி, என்னை அழைத்துச் சென்றவருக்கும் இக்கட்டாயிற்று. எம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் ஷாங்காயிற் பணிபுரிகின்றார். அவருடைய அயல்வீட்டு முதியவர், பௌதிகம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர், பழுதற ஆங்கிலம் பேசுபவர், எனக்கு நகரைக் காட்ட மனமுவந்து முன்வந்தார். சீனத்தில் ஆசிரியரை ‘லாவ்ஷி’ என்று அழைப்பது மரபு. அவர் என்னை லாவ்ஷி என்றார். நானும் அவரை லாவ்ஷி என்றேன். ஒரே விளிப்பெயரால் இருவரும் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு திரிந்தது வழிப்போவோர்க்கு வேடிக்கையாக இருந்திருக்கும். ஐம்பதாண்டுகளாகத் தாம் உண்டுவரும் கடையிலே தம் செலவில் எனக்கு நூடில்ஸ் வாங்கித் தருவது அவருடைய பெருவிருப்பம். விருந்தோம்பலை உயிராக மதிக்கும் மக்கள் அவர்கள். வாங்கித் தருவதை உண்ணாவிடில் அவர் மனம் புண்படும். உண்டால் என் நெறி கெடும். யாழ்ப்பாணத்தில் விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் உண்ணாமல் எழுந்து வருவது எத்தகைய செயல் என்பதை நாம் அறிவோம். அங்கும் அது அப்படியே.

“நான் சூ உண்பவன்” என்று மட்டும் சொன்னேன். அச்சொல்லை மாணவர் எனக்கு முன்னரே கற்பித்திருந்தார்.

சீனரும் உணவை இருவகைப்படுத்துவர். ஒன்று சூ, மற்றையது ஹுன். சூ என்னும் எழுத்தின் ஆதிப்பொருள் சாயந் தோய்க்காத வெண்பட்டு என்பதாகும். அதிலிருந்து எளிமை, கலப்பின்மை என்று பொருள் விரிந்து, ஈற்றில் மரக்கறி உணவையும் குறிக்கலாயிற்று. ஹுன் என்பது இன்று மாமிச உணவைக் குறித்தாலும், அவ்வெழுத்தின் தலையிற் புல்லைக் காட்டும் குறியே உள்ளது. முற்காலத்தில் அது உள்ளி, வெங்காயம் முதலிய கடுமணமுள்ள பூண்டுகளையே குறித்தது. பௌத்த மடங்களில் அவற்றையும் விலக்குவர். நாம் சமயத்தின் பெயரை எடுத்து ‘சைவச் சாப்பாடு’ என்று உணவுக்குச் சூட்டினோம். அவர்களோ துணியின் பெயரைச் சூட்டினார்கள். எது பொருத்தம் என்பதை வாசகர்களே தீர்மானிக்க.

முதியவர் சற்றே யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, கண்ணாடிப் பேழையைக் காட்டினார். பேழைக்குப் பின்னால் நின்ற நடுவயதுப் பெண்மணியை ‘ஆயீ’ என்று விளித்து ஏதோ கேட்டார். தாயுடன் பிறந்தாளைக் குறிக்கும் அச்சொல்லால், வயதில் மூத்த பெண்களை மரியாதையாக அழைப்பது அவர்கள் வழக்கம். தமிழில் ஆயி என்பது தாயையே குறிக்கும். ஒலியொற்றுமை தற்செயலானதே என்றாலும், பசித்த வேளையில் அச்சொல் செவிக்கு இனிதாகத்தான் இருந்தது.

நான் மூன்று கேள்விகள் கேட்கச் சொன்னேன். இறைச்சிச் சாறு சேர்த்தீர்களா? எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்? அரிசி மது ஊற்றினீர்களா? அயலூராகிய ஷாவ்சிங் நகரத்து அரிசி மது அந்நாட்டுச் சமையலில் எங்கும் கலப்பது. அந்த ஆயீ சிறிதும் முகஞ் சுளிக்காமல் விரல்விட்டு எண்ணி விடை தந்தார். காளான் ஊறிய நீரே சாறு; எண்ணெய் மரக்கறி எண்ணெய், இதற்கெனத் தனித் தாச்சி; மது இல்லை, ஏனெனில் முதலாளியின் தாயார் பௌத்த நோன்பு நோற்பவர், அவரும் இதையே உண்கிறார். மதுவும் இறைச்சிச் சாறும் சேர்க்கும் கடைகள் உண்டென்றும் அவரே சொன்னார். கேட்டறிந்து உண்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தட்டு வந்தது. சோற்றுக் கவளமளவு கூட இல்லாத சிறு தட்டு. குச்சியால் ஒரு துண்டை எடுத்து வாயிலிட்டேன். குளிர்ந்திருந்தது. மேற்புறம் சற்று முறுகல். கடித்ததும் துவாரங்களில் தேங்கியிருந்த சாறு முழுவதும் நாவிற் பாய்ந்தது. முதலில் இனிப்பு, அடுத்து உப்பு, அதன்பின் காளானின் ஆழ்ந்த சுவை, ஈற்றில் வறுத்த எள்ளின் மணம். கறியில் இனிப்பா என்று நம்மவர் திடுக்கிடலாம். ஆனால் பழுத்த மாம்பழம் இட்டுக் குழம்பு வைக்கும் வீட்டில் வளர்ந்தோர்க்கு அது அந்நியமாகத் தோன்றாது. ஷாங்காய் மக்களின் சமையலுக்கே ‘நிறைந்த எண்ணெய், செம்மையான சாறு’ என்று ஒரு தொடர் உண்டு. சோயாச் சாறும் கற்கண்டும் சேர்ந்து தரும் நிறமே அந்தச் செம்மை. பதம் எத்தகையது என்று சொல்லப் புகின் உவமை அகப்படுவதில்லை. பாணின் துவாரமுடையது, ஆனால் பாண் போற் கரையாது. இறைச்சியின் உறுதியுடையது என்பார் அதனை அறிந்தோர், எனக்கு அது தெரியாது. நான் கண்டது, மெல்ல மெல்லச் சுவை வற்றாத ஒரு பொருள் என்பதே. இரண்டாந் தட்டும் வாங்கினோம். மூன்றாவதை முதியவர் தமக்கென்று வாங்கி, அதில் முக்காற் பங்கை என் பக்கம் தள்ளிவிட்டார். தம் நூடில்ஸ் ஆறிப்போவதையும் அவர் பொருட்படுத்தவில்லை. வெறுஞ் சோறும் ஒரு கிண்ணம் வந்தது. அதுவே அன்றைய என் காலையுணவு.

இனி இப்பண்டம் ஆகும் விதத்தைச் சொல்ல வேண்டும். இதில் மாணவர்களுக்கும் பயன் உண்டு.

கோதுமை மாவை நீர்விட்டுப் பிசைந்து அரைமணி நேரம் வைத்து, பின்னர் நீர் நிறைந்த பாத்திரத்தில் இட்டுப் பிசைந்து பிசைந்து கழுவினால், நீர் பாலைப்போல் வெளுக்கும். அந்த வெண்மை மாப்பொருள். நீரை மாற்றி மாற்றிக் கழுவ, உருண்டை சிறுத்துக்கொண்டே போகும். கலங்கல் நீங்கி நீர் தெளியும்போது கையில் எஞ்சியிருப்பது, இரப்பரைப் போல இழுபடும் சாம்பல் கலந்த மஞ்சட் பிண்டம். ஒரு கிலோ மாவிலிருந்து ஈரத்துடன் ஏறத்தாழ 300 கிராம் கிடைக்கும். இதுவே கோதுமைப் புரதமாகிய குளூட்டன். கழுவிய நீரில் ஒரு துளி அயடீன் விட்டுப் பாருங்கள், கருநீலமாகும். கழுவி எடுத்த பிண்டத்தைப் புரதத்துக்குரிய சோதனைக்கு உட்படுத்துங்கள், ஊதா நிறம் காட்டும். வகுப்பறையில் ஒரு கிண்ணமும் ஒரு பிடி மாவும் போதும். அரிசி மாவிலே இத்தகைய பிணைப்பு உண்டாவதில்லை. அதனாலேயே இடியப்பத்துக்கு மாவைச் சுடுநீர் விட்டுக் குழைக்கிறோம். வீச்சு ரொட்டி போடுபவர் மாவைக் காற்றில் வீசிக் கண்ணாடித் தாள் போல் ஆக்குவதும் இக்குளூட்டனின் வலிமையாலேயாம்.

இந்தப் பிண்டத்தை நொதிக்கவிட்டு ஆவியில் அவிப்பார்கள். உள்ளே எழும் வாயு துவாரங்களைத் தோற்றுவிக்க, அது பெரிய பஞ்சுக் கட்டியாக எழும். இதுவே பச்சைக் கௌஃபூ. காலைச் சந்தைகளில் சோயாக் கட்டி விற்போரிடம் கிடைக்கும். இதனைக் கத்தியால் வெட்டலாகாது, கையாற் பிய்க்க வேண்டும் என்பது ஷாங்காய்ப் பாட்டிமாரின் கட்டளை. பிய்த்த விளிம்பு கரடுமுரடாய் இருப்பதாற் சாற்றை நன்கு பற்றும். பிய்த்த துண்டுகளைக் கொதிநீரிலிட்டு எடுத்து, ஒட்டப் பிழிந்து, நொதித்தலால் வந்த புளிமணத்தைப் போக்கி, எண்ணெயிற் பொரிப்பர். அதன்பின் சோயாச் சாறு, கற்கண்டு, கருவாப்பட்டை, நட்சத்திர வடிவான சோம்பு, காளான் ஊறிய நீர் ஆகியவற்றோடு சிறுதீயில் அரைமணிக்கு மேல் வேகும். உடன் சேர்வன: காளான், மரத்திற் காது முளைத்தாற்போல் வளர்வதால் ‘மரக்காது’ எனப் பெயர்பெற்ற கரிய காளான் வகை, ‘பொன்னூசி’ என்று சீனர் அழைக்கும் ஒருவகைப் பூவின் உலர்ந்த மொட்டு, கச்சான் பருப்பு. இவற்றை முன்னிட்டு இக்கறிக்கு ‘நான்கு மகிழ்ச்சி’ என்ற அடைமொழி உண்டு. நான்கும் எவை என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கு வேறுபடும். இறக்கியவுடன் உண்பது முறையன்று. ஓரிரவு ஆறிக் கிடந்து சாறு ஊறிய பின்னரே தட்டுக்கு வரும். அவசரக்காரர் சமைக்கும் கறியன்று இது.

மாவைக் கழுவிப் புரதத்தை வேறாக்கும் இவ்வித்தையை ஐரோப்பாவில் முதன்முதல் எடுத்துக்கூறியவர் பொலோனியா நகரத்துப் பேராசிரியர் பெக்காரி. அது 1728ஆம் ஆண்டு. சீனரோ அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதனை அடுக்களைச் செய்தியாக அறிந்திருந்தனர். பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷென் குவோ என்ற அறிஞர், இரும்பை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்து உருக்கு எடுப்பதை விளக்குமிடத்து, மாவைக் கழுவக் கழுவ மென்மையானவை நீங்கி நரம்பு போன்ற பகுதி வெளிப்படுவதை உவமையாகக் காட்டுகிறார். அறியாத ஒன்றை விளக்க, யாவரும் அறிந்த ஒன்றைத்தானே உவமையாக்குவர்? ஆகவே அக்காலத்தில் அது பலரும் அறிந்த தொழிலாய் இருந்திருத்தல் வேண்டும். முதியவருக்கு இவ்வுவமையில் மிகுந்த பெருமை. உலோகவியலைத் தம் மாணாக்கர்க்குச் சமையலறையிலிருந்தே தொடங்கிக் கற்பித்தாராம்.

மாவைக் கழுவிய நீரும் வீண்போவதில்லை. வடமேற்கே சீஆன் நகரப் பகுதியில் அந்நீரைத் தெளியவைத்து, அடியிற் படியும் மாப்பொருளை மெல்லிய தோசைபோல் ஆவியில் அவித்து, நாடாவாக வெட்டிக் குளிர்ந்த நூடில்ஸாக உண்கிறார்கள். அதன்மேல் அதே மாவிலிருந்து பிரிந்த புரதத்தின் துண்டுகளையும் இடுகிறார்கள். பிரிந்தவை மீண்டும் ஒரே கிண்ணத்திற் கூடுகின்றன! ஷாங்காய்க்கு அண்மையிலுள்ள வூசி நகரிலோ இப்புரதத்தைச் சிறு உருண்டைகளாக்கி எண்ணெயிற் பொரிக்க, அவை உள்ளே வெறுமையான பொன்னிறப் பந்துகளாய் உப்புகின்றன.

நம் வீடுகளில் சிலர் விரும்பியும் சிலர் வெறுத்தும் பேசும் அஜினோமோட்டோவுக்கும் மூலம் இந்தக் குளூட்டனே என்றால் வியப்பீர்கள். குளூட்டமிக் அமிலத்தை 1866இல் ஜெர்மானிய இரசாயனர் ரிட்ஹவுசன் கோதுமைக் குளூட்டனிலிருந்தே பிரித்தெடுத்தார். பெயரும் அதனால் வந்தது. ஜப்பானியப் பேராசிரியர் இக்கெடா கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் இதுவே என்று 1908இல் கண்டறிந்த பின்னர், அத்தூளைத் தொழிற்சாலையிற் செய்தபோதும் முதலிற் குளூட்டனையே பயன்படுத்தினர். ஷாங்காயில் வூ யுன்சு என்ற இரசாயனர் 1923இல் சொந்தமாக ஒரு தொழிற்சாலை தொடங்கிச் சீனத்துச் சுவைத்தூளை விற்பனைக்கு விட்டார். அவர் அதற்கு இட்ட வாணிகக் குறி ‘புத்தரின் கை’. இன்று இத்தூள் நொதித்தல் முறையால் ஆக்கப்படுகிறது.

ஓர் எச்சரிக்கையும் கூறிவிட வேண்டும். குளூட்டன் ஒவ்வாத சீலியாக் நோய் உடையோர் இக்கறியின் பக்கமே செல்லலாகாது. அந்நோய்க்கும் கோதுமைக்கும் உள்ள தொடர்பை ஒல்லாந்த மருத்துவர் டிக்கே 1950இல் தம் ஆய்வேட்டில் நிறுவினார்.

சாப்பிட்டு முடிந்தும் நாங்கள் எழுந்திருக்கவில்லை. முதியவர் தம் இளமைக்காலத்தைச் சொல்லத் தொடங்கினார். சீனத்தில் 1955 முதல் 1993 வரை தானியத்துக்குக் கூப்பன் முறை இருந்தது. அரிசிக்கும் மாவுக்கும் மட்டுமன்று, ஒரு கிண்ணம் நூடில்ஸ் வாங்கவும் பணத்துடன் கூப்பன் நீட்ட வேண்டும். சோயாக் கட்டிக்கும் கௌஃபூவுக்கும் வேறு கூப்பன் இருந்ததாம். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது மட்டும் குடும்பத்துக்கு இவ்வளவு என்று மரக்காதும் பொன்னூசியும் சிறு பொதிகளாகக் கிடைக்கும். அவருடைய தாயார் நள்ளிரவு கடந்ததும் கூடையைக் கொண்டுபோய்ச் சந்தை வாசலில் வைத்து இடம் பிடிப்பார். மகன் விடியும்வரை பனியில் அதற்குக் காவல் நிற்பார். “அந்தக் கறிக்காக நின்றேன், லாவ்ஷி. ஆண்டுக்கு ஒருமுறை பெரிய கிண்ணம் நிறைய அம்மா சமைப்பார். ஐந்து நாள் வைத்து உண்போம்” என்றார். வீட்டில் பிள்ளைகள் அறுவர். மேசையில் மற்றத் தட்டுக்களுக்குக் கணக்கு இருந்ததாம், இதற்கு மட்டும் கணக்கில்லையாம்.

கூப்பன் அரிசியும் கூப்பன் கடையும் நமக்குப் புதியனவல்ல. 1970களில் பாணுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற கதையை என் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2022இல் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் நாமே நின்றோம். அதை அவரிடம் சொன்னேன். வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியாற் பிணைத்து வரிசையில் வைத்துவிட்டு வீடு சென்றதைக் கேட்டு அவர் உரக்கச் சிரித்தார். கூடைக்குப் பதில் சிலிண்டர்!

புத்தாண்டுக்கு இக்கறி தவறாது இடம்பெறுவதற்குப் பெயரின் ஒலியும் ஒரு காரணம். கௌ என்பது வாட்டுதல், ஃபூ என்பது தவிடு. வாட்டவும் இல்லை, தவிடும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ஆனால் அதே ஒலியை வேறு எழுத்துக்களில் எழுதினால் ‘கணவனைச் சார்ந்திருத்தல்’ என்று பொருள்படும். குடும்பத் தலைவன் கைநிறைய உழைக்கட்டும் என்று இல்லத்தரசியர் புத்தாண்டில் இதைச் சமைத்தார்களாம். “இப்போது என் மகள்தான் மருமகனைவிட அதிகம் சம்பாதிக்கிறாள். ஆனாலும் கறியைச் சமைக்கிறாள்” என்றார் முதியவர்.

மறுநாள் அவர் என்னைப் பெயர்பெற்ற மரக்கறி உணவகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றார். ஷாங்காயில் 1922இல் தொடங்கிய ‘குங்டெலின்’ முதலிய இத்தகைய உணவகங்கள் சீனரிடையே மிகவும் புகழ் வாய்ந்தவை. அங்கே குளூட்டனாலும் சோயாத் தோலாலும் வாத்து, விலாங்கு, நண்டு என்று அச்சொட்டாக உருவம் செய்து மேசைக்குக் கொணர்கிறார்கள். தொழிலாளியின் கைத்திறன் வியக்கத்தக்கதே. ஆயினும் உண்மையைச் சொன்னால், வாத்தின் தோலைப்போல் வரி போட்டிருந்த அத்தட்டை என்னால் மனமுவந்து உண்ண இயலவில்லை. கொல்லாமை நோற்பவனுக்குக் கொன்றதன் உருவம் எதற்கு? இதை நான் மெல்லச் சொன்னபோது முதியவர் மறுத்தார். மடத்துக்கு வரும் விருந்தினரில் நோன்பு நோலாதவரும் உண்டு. தாம் விரும்பும் உணவு இல்லையே என்று அவர்கள் ஏங்கலாகாது என்பதற்காகவே துறவியர் இதனை உண்டாக்கினர், இது விருந்தோம்பல் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. முதல்நாள் எனக்காக அவர் மேற்கொண்ட கவலையை, அத்துறவியர் எதிர்த்திசையில் மேற்கொண்டிருக்கிறார்கள். இருப்பினும் என் விருப்பம் கௌஃபூவின் பக்கமே. அது எதன் வேடமும் பூணவில்லை.

பலிக்குப் பதிலாக மாவை வைக்கும் எண்ணம் சீனத்தில் மிகப் பழையது. 502 முதல் 549 வரை இன்றைய நான்கிங் நகரிலிருந்து ஆண்ட லியாங் வூ என்ற பேரரசர், பௌத்தத் துறவியர் மதுவும் மாமிசமும் உண்ணலாகாது என வற்புறுத்தியவர். முன்னோர் ஆலயத்திற் பலியிடும் விலங்குகளை நீக்கி, மாவாற் செய்த உருவங்களைப் படைக்குமாறு 517இல் ஆணையிட்டார். நம் நாட்டிலே ஆட்டுக்குப் பதில் நீற்றுப்பூசணிக்காயை வெட்டும் வழக்கத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நூடில்ஸையே உண்ணாமல் நான் ஊர் திரும்பவில்லை. சீனச் சந்திரமாதத்தின் முதல்நாளும் பதினைந்தாம் நாளும் பலர் மரக்கறி உணவு உண்பர். நம் அமாவாசை, பூரணை நோன்புகளை அப்படியே நினைவூட்டும் வழக்கம். அத்தகைய ஒரு பதினைந்தாம் நாளில் பச்சைக்கல் புத்தர் ஆலயத்துக்குச் சென்றோம். பர்மாவிலிருந்து ஹூய்கென் என்ற துறவி கொணர்ந்த பச்சைக்கற் சிலைகளுக்காக 1882இல் எழுந்த ஆலயம் அது. இப்போதுள்ள இடத்தில் 1918இல் தொடங்கிப் பத்தாண்டுகளிற் கட்டிமுடிக்கப்பட்டது. கூட்டநெரிசலைத் தவிர்க்க 2017இல் அதன் பெருமண்டபத்தைச் சிலைகளோடு சுமார் 30 மீற்றர் அப்படியே நகர்த்தி வைத்தார்களாம்! ஆலயத்து நூடில்ஸ் கூடத்திலே காளான் இட்ட நூடில்ஸ், காளான் சாற்றுடன், உள்ளியும் வெங்காயமும் இன்றிக் கிடைக்கிறது. மேசைகளில் மூதாட்டியரே பெரும்பான்மையோர். ஊதுபத்தி மணக்க மணக்க அதை உண்டேன். நல்ல நூடில்ஸ்தான். ஆயினும் அருகில் வைத்த கௌஃபூத் தட்டே முதலில் வெறுமையாயிற்று.

ஷாங்காய் செல்லும் நம்மவர், ‘நான் சூ உண்பவன், இறைச்சி, மீன், இறால், கொழுப்பு, மது வேண்டாம்’ என்று சீன எழுத்தில் ஒரு துண்டில் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நன்று. கைத்தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டுவோரும் உண்டு. ஆனால் ‘மரக்கறி’ என்று மட்டும் சொன்னால், மரக்கறியோடு இறால் சேர்த்துத் தந்துவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு முன் சென்றால் தட்டுக்கள் நிறைந்திருக்கும். சந்தைகளிலும் பெரிய கடைகளிலும் உலர்ந்த கௌஃபூத் துண்டுகளைப் பொதியிலிட்டு விற்கிறார்கள். நீரில் ஊறவைத்துப் பிழிந்து சமைக்கலாம் என்று ஆயீ சொல்லியனுப்பினார். கற்கண்டு இங்கும் உண்டு, கருவாவுக்கோ பஞ்சமில்லை. நானும் இரண்டு பொதி வாங்கி வந்தேன். குளிர்காலத்திற் செல்வோர்க்கு மூங்கிற் குருத்துச் சேர்த்த கௌஃபூ கிடைக்குமென்றும், அதற்காகவே மீண்டும் வரவேண்டுமென்றும் முதியவர் விமான நிலையத்தில் இருமுறை சொன்னார்.